பதின்மூன்றாவது பெட்டி

அத்தியாயம் ஒன்பது

பட்டறைக் கதவுக்கு வெளியே இருந்த மின்மணிப் பொத்தானைக் குண்டூசி மூன்று முறை அழுத்தினார். ஒரு முறை அழுத்தியிருந்தாலே போதும். ஆயினும் மழையில் நனைந்துகொண்டு நிற்கும் மனிதருக்கு வேண்டிய பொறுமை அவரிடம் என்றுமே இருந்ததில்லை.

உள்ளே, கூரையை ஒட்டிப் பொருத்தப்பட்டிருந்த பழைய மணி மூன்று முறையும் கடகடவென்று அடித்தது. கதவின் மேற்கண்ணாடி வழியே பார்த்தபோது, அதன் வயிற்றுக்குள் நீல நிறத்தில் ஏதோ மினுக்கென்று தோன்றி மறைந்தது.

"ஒரு தடவ அடிச்சா கதவு திறக்காதா?" என்று கேட்டார் அவருடைய அக்காள்.

"திறக்கும். மூணு தடவ அடிச்சா சீக்கிரம் திறக்கும். லிஃப்ட்டு பட்டனையும் ஜனங்க அப்படித்தான் அழுத்துவாங்க. பதினெட்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் சொல்றேன்."

"நீ பார்த்த லிஃப்ட்டெல்லாம் ஏன் ரிப்பேராவே இருந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது."

அக்காளை ஊரார் சாம்பலம்மா என்று அழைத்தார்கள். காப்பீட்டு நிறுவனமொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் தீவிபத்துகளை ஆராய்ந்தவர் அவர். எரிந்து முடிந்த இடத்தில் குந்தி அமர்ந்து, சாம்பலைக் கிளறி, தீ எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பின்னரும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. நாற்பத்தாறு வயதான தம்பி குண்டூசி, வேலை போன நாளிலிருந்து அவருக்குத் துணையாக இருந்து வந்தார். உடம்பு மெலிவு, நாக்கு கூர்மை. பெயர் வந்ததற்கு இவ்விரண்டில் எது காரணம் என்பதை எவரும் உறுதியாகச் சொன்னதில்லை.

கதவைத் திறந்தவர் பொறியாளர். முப்பத்தைந்து வயதுப் பெண். இரவெல்லாம் உறங்காத கண்கள்.

"வாங்க மேடம். மணி ரெண்டே முக்கால். நாலு மணிக்கு விசாரணை அதிகாரி வந்துடுவார். பட்டறைக்கு சீல் வெச்சு, என்னைக் கையோட கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்காங்க."

நடந்தது இதுதான். ஒன்பது நாட்களுக்கு முன்பு, பக்கத்துத் தெருவிலிருந்த சலவைக் கடையின் கீழறை வெடித்துச் சிதறியது. காரணம் மீத்தேன் வாயு என்று கண்டுபிடித்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சலவைக்காரர் உடம்பெல்லாம் கட்டுடன் மருத்துவமனையில் கிடந்தார். அந்த அறையின் சுவரில் இந்தப் பொறியாளர் செய்து கொடுத்த வாயு உணரும் பெட்டி இருந்தது. காற்றில் மீத்தேன் கலந்தால் அது கத்த வேண்டும். கத்தவில்லை.

பெரிய நிறுவனத்தார் விற்கும் அத்தகைய பெட்டியை ஒரு குடும்பம் வாங்குவதென்றால் ஒரு மாத வாடகையை எடுத்து வைக்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்குக்குச் செய்து தருவதே பொறியாளரின் ஏழாண்டு உழைப்பு. சலவைக் கடை போக, அக்கம்பக்கத்தில் நாற்பத்தொரு வீடுகளின் சுவர்களில் அவருடைய பெட்டிகள் தொங்கின.

"மலிவுச் சரக்குன்னா இப்படித்தான்னு அதிகாரி சொல்றார். அவர் என்னைத் தூக்கி உள்ள வெச்சாக்கூடப் பரவாயில்ல மேடம். அந்த நாப்பத்தோரு வீடு? கத்துமா, கத்தாதான்னு தெரியாத பெட்டிக்குக் கீழ அவங்க சமைக்கிறாங்க, தூங்கறாங்க."

அப்பொழுது பரண் மேலிருந்து 'கீக்' என்று ஓர் ஒலி கேட்டது.

குண்டூசி துணுக்குற்று அண்ணாந்தார். "எலியா?"

"அது உடைஞ்ச பெட்டிங்க. மூடி விரிசல் விட்டுடுச்சு, விற்க முடியாதுன்னு ஒதுக்கினது. கோளாறு போல, பன்னெண்டு நாளா சும்மா சும்மா கத்துது. மேசைல பன்னெண்டு நல்ல பெட்டி பேசாம இருக்கறப்ப, இது ஒண்ணு மட்டும் கத்துது. சத்தம் தாங்காம பரண்ல தூக்கிப் போட்டேன். அங்க போனதுலருந்து இன்னும் அதிகம்."

"எங்க குடும்பத்துலயும் அந்த மாதிரி ஒருத்தன் இருக்கான்" என்றார் சாம்பலம்மா, தம்பியைப் பாராமலே.

'கீக்.'

"பாரு, ஆமாங்குது" என்றார் குண்டூசி.

சிரித்தாரேயன்றி, அவருக்கு அந்த அறை ஏனோ பிடிக்கவில்லை. தாழ்ந்த கூரை. மழையின் பொருட்டு நாள் முழுதும் எரிந்துகொண்டிருந்த குழல்விளக்குகள். தலைக்கு மேலே, மாடியிலிருந்த குழந்தைகள் காப்பகத்தில் ஏதோ ஒரு சிறு காலடி தட்தட்டென்று ஓடி அடங்கியது.

"பதினெட்டுக் குழந்தைங்க. இப்ப தூங்கற நேரம். அம்மாமாருங்க வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்குத்தான் வருவாங்க" என்றார் பொறியாளர். "என்கிட்ட முதல் பெட்டி வாங்கினதே அவங்கதான்."

சாம்பலம்மா தம் பையிலிருந்து ஒரு கருகிய பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். தம் பழைய நிறுவனத்தாரிடம் கேட்டு வாங்கி வந்த சலவைக் கடையின் பெட்டி.

"நீங்க சோதிச்சுப் பார்த்துத்தானேம்மா அனுப்புவீங்க?"

"ஒவ்வொண்ணையும். லைட்டரைப் பத்த வைக்காம, வாயுவை மட்டும் திறந்து பெட்டி கிட்ட காட்டுவேன். கத்தினா பாஸ். மூடியும் அடிப்பாகமும் சேர்ற இடத்துல நகப்பூச்சால சிவப்புப் பொட்டு ஒண்ணு வெப்பேன். பாதி மூடி மேல, பாதி அடியில. யாராவது திறந்தா பொட்டு உடைஞ்சுடும்."

"இதுல பொட்டு உடையல. அப்ப திறக்கல. நல்லது. இப்ப எனக்கு ஒண்ணு செஞ்சு காட்டுங்க. மேசைல இருக்கற பன்னெண்டையும் சோதிங்க."

பொறியாளர் எழுந்து சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். "காத்து வந்தா வாயுவை அடிச்சிட்டுப் போயிடும். சோதனைன்னா எப்பவும் சாத்திடுவேன்" என்றார்.

கடைசிச் சன்னலைச் சாத்துவதற்குள் குண்டூசி வெளியே எட்டிப் பார்த்தார். குறுகிய சந்துக்கு அப்பால் வாகனங்கள் நிறுத்துவதற்கான புத்தம் புதிய கான்கிரீட் தளம் மழையில் பளபளத்தது. சன்னலுக்கு நேர் கீழே, தகரச் சார்ப்பின் அடியில், மழைத்துளி விழாத இடத்தில் தேங்கியிருந்த நீரில் குமிழிகள் கிளம்பி உடைந்துகொண்டிருந்தன.

"அக்கா, தரைக்கு ஏப்பம் வருது."

"உனக்குப் பசி வந்தா உலகத்துக்கே வயிறு முளைச்சிடும். உன் லைட்டரைக் குடு. இவங்களோடது தீர்ந்துபோச்சாம்."

குண்டூசி சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார். பல்லாண்டுப் பழக்கம், அவருடைய கட்டைவிரல் தானாகவே சக்கரத்தின் மேல் சென்று அமர்ந்தது. பொறியாளர் வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"உரசாதீங்க! வாயு மட்டும் போதும்."

முதல் பெட்டியிடம் லைட்டரைக் காட்டினார். 'ஸ்ஸ்' என்று வாயு கசிந்தது. பெட்டி பேசவில்லை. இரண்டாவதிடம் காட்டினார். மூன்றாவதிடம். நான்காவதிடம். பன்னிரண்டாவது பெட்டியும் ஊமையாகவே இருந்தபோது, அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அஞ்சு நாள் முன்னாடி... பன்னெண்டும் கத்துச்சு மேடம். காதைப் பொத்திக்கிட்டு நின்னேன். அதுக்கப்புறம் மின்சாரம் குடுத்து இங்கயேதான் வெச்சிருக்கேன்."

'கீக்' என்றது பரண்.

"யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க" என்றார் குண்டூசி. "அந்தப் பெரிய கம்பெனிக்காரன். இவங்க பெட்டி ஓடினா அவன் பெட்டி படுத்துடும். ராத்திரில ஆள் அனுப்பி..."

"அந்த ஆள் பெட்டியைத் திறக்காம உள்ள எப்படிக் கை வெச்சான்? சாவித்துவாரம் வழியா ஊதினானா?" சாம்பலம்மா ஒரு பெட்டியை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தார். பிறகு கருகிய பெட்டியை எடுத்து அவ்வாறே சாய்த்தார். அதன் பின்னர் மேசைப் பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, தம்பியிடம் நீட்டினார்.

"என்ன வாசனை?"

"வினிகர் மாதிரி புளிச்ச வாடை. ஏங்க, பெட்டியை ஊற வெச்சா செய்றீங்க?"

"பொட்டைப் பாரு."

குண்டூசி உற்று நோக்கினார். மூடியின் விளிம்பைச் சுற்றிலும் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பசை ஓடியிருந்தது. சிவப்புப் பொட்டு அந்தப் பசைக்கு அடியில், பனிக்கட்டிக்குள் அகப்பட்ட பழத்துண்டு போலத் தெரிந்தது.

"பொட்டு கீழ, பசை மேல" என்றார் அவர் மெதுவாக. "அப்படின்னா முதல்ல சோதனை, அப்புறம்தான் பசை."

"நான் பசையே வெக்கறதில்லையே!" என்றார் பொறியாளர்.

அந்த வேளையில் கதவு திறந்து பொறியாளரின் கணவர் உள்ளே வந்தார். குழாய் பொருத்தும் தொழில் செய்பவர். அகன்ற தோள், வெள்ளை மனம். தோளிலிருந்த கருவிப்பையை இறக்கி வைத்துவிட்டு, மழைக்காகக் கதவை இறுகச் சாத்தினார். சாம்பலம்மாவை வணங்கினார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"என்னாச்சும்மா? ஏன் இப்படி இருக்க?"

"உட்காருங்க தம்பி" என்றார் சாம்பலம்மா. "விரல்ல என்னவோ ஒட்டியிருக்கே?"

அவர் தம் கட்டைவிரலின் ஓரத்திலிருந்து பாம்புச் சட்டை போன்ற ஒரு மெல்லிய படலத்தை உரித்தார். "சிலிக்கான் பசைங்க. குளியலறைல தண்ணி கசியாம இருக்கறதுக்கு இழுப்போம். கைய விட்டுப் போகாது."

"பெட்டிக்கும் இழுப்பீங்களோ?"

அவர் தலை குனிந்து, வெட்கத்தோடு சிரித்தார். நல்ல காரியம் செய்து கையும் களவுமாக அகப்பட்டவரின் சிரிப்பு அது.

"இவ கிட்ட சொல்ல வேண்டாம்னு நினைச்சேன். பெட்டியைத் தொட்டா இவளுக்குக் கோவம் வரும். மூணு மாசம் முன்னாடி சலவைக் கடைக்காரர், நீராவி உள்ள போகுதுப்பான்னு என்கிட்ட குறைப்பட்டுக்கிட்டார். இவ ராப்பகலா கண்ணு முழிச்சு செஞ்சது, தண்ணி புகுந்து கெட்டுப்போச்சுன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது பாருங்க. அதான் ஓரமெல்லாம் இழுத்து அடைச்சேன். நாப்பத்தோரு வீட்டுக்கும், மாடிக் காப்பகத்துக்கும் குழாய் வேலைக்குப் போறப்ப அப்படியே அடைச்சுக் குடுத்துட்டேன். புதுசா பொட்டு வெச்ச அன்னிக்கே இந்தப் பன்னெண்டையும் முடிச்சேன். ஒரு பைசா வாங்கலீங்க."

பொறியாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"சிலிக்கான் ஆவி பட்டா அந்த சென்சார் செத்துடும். பசை காயறப்ப வர்ற ஆவி பெட்டிக்குள்ளயே அடைபட்டு, அது மேலெல்லாம் தோலாட்டம் படிஞ்சு மூடிடும். வாங்கறப்ப கூட வர்ற தாள்ல முதல் பக்கத்துலயே போட்டிருப்பான். உங்ககிட்ட... உங்ககிட்ட நான் அதைச் சொல்லவே இல்லையே!"

கணவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது, அந்த அகன்ற தோள்கள் இரண்டும் சரிந்தன. "அப்ப சலவைக் கடைக்காரரை... நானா?"

பரண் மீண்டும் பேசியது. 'கீக். கீக்.'

"தம்பி" என்றார் சாம்பலம்மா, கணவரை நோக்கி. அவருடைய குரல் இதுவரை இல்லாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. "மேல இருக்கே, அந்த விரிசல் விட்ட பெட்டி. அதுக்குப் பசை இழுத்தீங்களா?"

"அதுக்கு எதுக்குங்க? உடைஞ்சது, விற்கப் போறதில்ல. அது ஒண்ணுதான் நான் தொடாதது."

'கீக். கீக். கீக்.'

குண்டூசி பரணை அண்ணாந்து பார்த்தார். பன்னிரண்டு பெட்டிகள் ஊமை. உயிரோடு இருந்தது அந்த ஒன்றுதான். பன்னிரண்டு நாட்களாக அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கோளாறு என்று சொல்லி அதைப் பரணில் ஏற்றிவிட்டு, கீழே அமர்ந்து எல்லோரும் துப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"வாசனையே இல்லையே மேடம்" என்று முணுமுணுத்தார் கணவர்.

"சமையல் வாயுல கம்பெனிக்காரன் வாசனை கலந்து விடறான். மண்ணுக்கடியில குப்பை அழுகி வர்ற மீத்தேனுக்கு யாருங்க கலக்கறது?" சாம்பலம்மா சாத்திய சன்னலைச் சுட்டினார். "அந்த கான்கிரீட்டுக்கு அடியில என்ன இருந்துச்சு?"

"பழைய குப்பைக் கிடங்கு" என்றார் பொறியாளர். "மண்ணு மூடி, புல்லு முளைச்சுக் கிடந்துச்சு. ரெண்டு வாரம் முன்னாடிதான் கான்கிரீட் போட்டாங்க. மேல போக வழியில்லாம... பக்கவாட்டுல... அந்தப் பக்கம் சலவைக் கடை. இந்தப் பக்கம் நாம. மீத்தேன் காத்தை விட லேசு, கூரையில போய்த்தான் சேரும். பரண்ல போட்டதும் அதிகமா கத்துச்சே, நான் ஒரு முட்டாள்!"

கணவர் பதறி எழுந்து சுவரை நோக்கிப் பாய்ந்தார். "மெயினை அணைச்சிடறேன்!"

"தொடாதீங்க!" அக்காளும் தம்பியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"எரியற விளக்கு எரியட்டும்" என்றார் குண்டூசி. லிஃப்ட் மெக்கானிக்கின் அறிவு அவருடைய பயத்தை முந்திக்கொண்டு பேசியது. "சுவிட்சைப் போட்டாலும் அணைச்சாலும் உள்ள ஒரு பொறி பறக்கும். சன்னலை மட்டும் கையால திறங்க. மெதுவா."

அவ்வாறு சொன்னபோதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. கதவுக்கு மேலே, கூரையை ஒட்டி இருக்கும் மணி. அதன் வயிற்றுக்குள் நீல மினுக்கு, அதுவும் ஒரு மின்பொறி. தாம் அதை மூன்று முறை அழுத்தியது. அப்போது சன்னல்கள் திறந்திருந்தன. சாத்தி ஒரு மணி நேரம் ஆயிற்று.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்தாறு.

"அக்கா... அதிகாரி நாலு மணிக்கு வருவார். வந்தா மணி அடிப்பார்."

சாம்பலம்மா ஒரு நொடி தம்பியைப் பார்த்தார். "நான் மாடிக்குப் போறேன். நீ வாசலுக்கு ஓடு."

குண்டூசி எப்படி வெளியே வந்தார் என்பது அவருக்கே தெரியாது. மழைக்கோட்டு அணிந்த அதிகாரி, கையில் உறையிட்ட தாளுடன், இரண்டு ஆட்கள் பின்தொடரக் கடைசிப் படியில் கால் வைத்திருந்தார். அவருடைய சுட்டுவிரல் மணியை நோக்கி நீண்டிருந்தது. குண்டூசி பாய்ந்து சென்று பொத்தானின் மேல் தம் உள்ளங்கையைக் குடை போலக் கவிழ்த்து வைத்தார். பொத்தான் மீது படாமல், அதே வேளையில் வேறு எவர் விரலும் நுழையாமல்.

"யோவ், நகருய்யா."

"நகர மாட்டேன் சார்."

"அரசாங்க வேலையைத் தடுக்கறியா? உன்னையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"தாராளமா சார். நடந்தே வரேன். இந்த மணியை நீங்க அடிச்சா நாம எல்லாரும் பறந்து போக வேண்டியிருக்கும். மேல பதினெட்டுக் குழந்தைங்க தூங்குது."

அதிகாரி வாய் திறந்தார். அதற்குள் மாடிப் படிகளில் குழந்தைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் சட்டையை மற்றவர் பின்னால் பற்றிக்கொண்டு, பாதி உறக்கத்தில், காலணியின்றி. முன்னே காப்பகத்து ஆயா. கடைசியில் சாம்பலம்மா, இடுப்பில் ஒரு கைக்குழந்தையுடன். வரும்போதே ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தார். பதினெட்டு என்று சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு விட்டார்.

எல்லோரும் தெருவின் எதிர்ப்புறத்துக் கூரையின் கீழ் ஒதுங்கினார்கள். திறந்த சன்னல்கள் வழியே பரண் பெட்டியின் குரல் இப்போது விட்டு விட்டு ஒலிக்கவில்லை. ஒரே இழுப்பாக ஒலித்தது.

சாம்பலம்மா நாலே வாக்கியத்தில் அதிகாரியிடம் விவரம் சொன்னார். அதிகாரி மின்சார அலுவலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தொலைபேசியில் பேசினார். பேசி முடித்துப் பொறியாளரின் பக்கம் திரும்பியபோது, அவர் குரலிலிருந்த அதிகாரம் பாதியாய்க் குறைந்திருந்தது.

"அந்த நாப்பத்தோரு வீட்டுல எத்தனை இந்தக் கான்கிரீட்டைச் சுத்தி இருக்கு?"

"எல்லாமே சார். ஏழைபாழைங்க. கிடங்கு ஓரத்துலதான் வாடகை குறைச்சல்."

"விலாசம்?"

"பதிவேடு உள்ள இருக்கு."

"உள்ள போக முடியாது."

"வேண்டாம் சார். நான்தான் ஒவ்வொரு வீட்டுலயும் ஏணி வெச்சு மாட்டினேன். எழுதிக்குங்க."

அதிகாரியிடம் வேறு தாள் இல்லை. உறையைக் கிழித்து, பட்டறைக்கு முத்திரையிடும் ஆணையை வெளியே எடுத்து, அதைப் புரட்டிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். கைது செய்யப்பட வேண்டியவர் மழையில் நின்றபடி, தடுமாறாமல், கதவு கதவாகச் சொல்லிக்கொண்டே போனார். தையற்காரர் வீடு, பச்சைக் கதவு. பால் ஊற்றுபவர், மாடிப்படிக்கு அடியில். அவருடைய கணவர் நான்கைந்தைக் காதில் வாங்கிக்கொண்டதும் எதுவும் பேசாமல் ஓடத் தொடங்கினார். அதிகாரியின் ஆட்கள் இருவரும் அவர் பின்னே ஓடினார்கள்.

"டேய், உனக்குத் தனியா சொல்லணுமா? முதல் வீடு உனக்கு" என்றார் சாம்பலம்மா.

குண்டூசி சந்துக்குள் ஓடினார். மழை மேகத்தால் நான்கு மணிக்கே சந்து இருண்டு கிடந்தது. பச்சைக் கதவு. பக்கத்தில் ஒரு மணிப் பொத்தான். அவருடைய விரல் பழக்கத்தால் அதை நோக்கிச் சென்று, ஒரு நூலிழை தூரத்தில் நின்றுவிட்டது. அவர் அந்த விரலை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டார். மூன்று முறை தட்டினார்.

உள்ளே செருப்பு தேயும் ஓசை கேட்டது.

"யாருங்க? இருங்க, ஒரே இருட்டா இருக்கு, விளக்கைப் போட்டுட்டு வரேன்."

"வேண்டாம்மா!" குண்டூசி கத்திய கத்தலில் அவருடைய தொண்டையே கிழிந்துவிடும் போலிருந்தது. "போடாதீங்க! அப்படியே வாங்க! கால்ல விழுந்து கேட்டுக்கறேன், எதையும் தொடாம அப்படியே வாங்க!"

ஓசை நின்றது. அவர் தம் வாழ்நாளில் சொன்ன வேடிக்கைகள் அனைத்தும் அந்த ஒரு நொடியில் அவரை விட்டு அகன்று, தொலைவில் போய் நின்றுகொண்டன.

செருப்பு மீண்டும் தேய்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. இருட்டிலேயே கதவு திறந்தது.

இன்னும் நாற்பது.